சிங்கப்பூர் – கோலாலம்பூர் – மறுபடி சிங்கப்பூர்: அரைவல் கார்டு யாருக்கு, எத்தனை தடவை, எந்த நாள்ல போடணும்?

பொன்மலைவாசி கேட்டது:

வணக்கம். ஜூன் 11 ராத்திரி திருச்சியில கிளம்பி 12 காலைல சிங்கப்பூர் இறங்குறோம். நான், வீட்டுக்காரர், 4 வயசுப் பையன், மாமனார், மாமியார், ஆக மொத்தம் அஞ்சு பேர். எல்லாருக்கும் இந்திய பாஸ்போர்ட்தான், சிங்கப்பூர் விசா கைக்கு வந்தாச்சு. தங்கல் உட்லண்ட்ஸ்ல நாத்தனார் வீட்ல. 16ஆம் தேதி தரைவழியா கோலாலம்பூர் போய் பத்துமலை பாத்துட்டு, 18 திரும்ப சிங்கப்பூர், 21 ராத்திரி ஊருக்கு.

சந்தேகங்கள்:

அரைவல் கார்டை (இறங்குறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்புற வருகைப் படிவம்) இப்பவே போட்டு வெச்சிடலாம்னு பாத்தா ஜூன் தேதியே எடுக்க மாட்டேங்குது. எப்பதான் போடுறது?

மாமனார் பாஸ்போர்ட்ல கிவன் நேம் மட்டும் இருக்கு, சர்நேம் காலி. டிக்கெட்ல அதே பேரை ரெண்டு தடவை அடிச்சிருக்காங்க. ஃபார்ம்ல எப்படி எழுதணும்?

மாமியார் 2014ல ஒருதடவை சிங்கப்பூர் போயிருக்காங்க. அப்ப பாஸ்போர்ட்ல பேர் இனிஷியலோட இருந்துச்சு. இப்ப புதுசுல இனிஷியலை விரிச்சு முழுசா வந்திருக்கு. இதனால ஏதாவது வருமா?

மலேசியாவுக்குத் தனியா ஒண்ணு போடணுமா? நாத்தனார் சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசி), அவங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர் குடிமகன். கூட வர்ற அவங்களும் போடணுமா?

ஒரு வெப்சைட்ல தலைக்கு இவ்வளவுன்னு காசு கேக்குது. கட்டணுமா?

---

உட்லண்ட்ஸ்730 எழுதியது:

முதல்ல அந்தக் காசு கேக்குற பக்கத்தை மூடுங்க. எஸ்ஜி அரைவல் கார்டு இலவசம். ஐசிஏ, அதாவது இங்க குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம்னு சொல்றது, அவங்க தளத்துல போடலாம். இல்லன்னா ‘மைஐசிஏ மொபைல்’ ஆப்ல போடலாம். தேடும்போது விளம்பரமா மேல வந்து நிக்கிறது அநேகமா தனியார் பக்கம். முகவரிப் பட்டியில ‘ஐசிஏ டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி’ இருக்கான்னு பாருங்க. காசு போறதை விட இதுல பெரிய வம்பு மெயில்தான். இடைல இருக்கிறவன் தன்னோட மெயிலைப் போட்டு அனுப்பிட்டா உங்க ஈ-பாஸ், அதாவது உள்ள நுழைஞ்சதும் மெயில்ல வர்ற வருகை அனுமதி, அவனுக்குப் போகும். அது ஏன் முக்கியம்னு கீழ சொல்றேன்.

தேதி: இறங்குற நாளையும் சேர்த்து மூணு நாள். நீங்க இறங்குறது 12, அதனால 10, 11, 12 மட்டும்தான். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். டிக்கெட்ல பெருசா 11னு இருக்கும், அதையே வருகைத் தேதின்னு அடிச்சிடுவாங்க. ஃபார்ம் கேக்குறது நீங்க சாங்கி ஏர்போர்ட்ல கால் வைக்கிற தேதி, அது 12. இன்னொண்ணு, சிங்கப்பூர் மணி நம்ம மணிக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. ஊர்ல ராத்திரி 9:30 ஆனா இங்க நாள் மாறிடும். 10ஆம் தேதி சாயங்காலம் உக்காந்து போட்டுட்டா எந்தக் குழப்பமும் இல்ல.

ஃபார்ம்ல ‘இதுக்கு முந்தின ஊர்’, ‘அடுத்துப் போற ஊர்’னு ரெண்டு கேள்வி வரும். முந்தின ஊர் திருச்சி. ‘டிரிச்சி’ன்னு தட்டி பட்டியல்ல வரலைன்னா திருச்சிராப்பள்ளின்னு முழுசா தட்டுங்க. அடுத்த ஊர்ங்கிறதுல உங்களுக்கு ஒரு நுணுக்கம் இருக்கு. நீங்க 16ஆம் தேதி மலேசியா போறீங்க, அதனால இந்த முதல் கார்டுக்குப் புறப்படுற தேதி 16, அடுத்த ஊர் மலேசியாவுல போற இடம். 21னும் திருச்சின்னும் போடாதீங்க, அது ரெண்டாவது கார்டுக்கு. ஆமா, ரெண்டாவது கார்டு உண்டு. 18ஆம் தேதி திரும்ப உள்ள வரும்போது அஞ்சு பேரும் புதுசா போடணும். ஒரு கார்டு ஒரு நுழைவுக்குத்தான்.

விமான எண் கேக்குற இடத்துல பிஎன்ஆரை எழுதக் கூடாது. ஸ்கூட்னா டிஆர், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்னா ஐஎக்ஸ், இண்டிகோன்னா 6ஈ, அதோட வர்ற எண்.

தங்குற இடம்: ஹோட்டல் வேண்டாம், வீடுங்கிறதைத் தேர்ந்தெடுங்க. நாத்தனார்கிட்ட ஆறு இலக்க அஞ்சல் குறியீடு கேட்டு வாங்குங்க. இங்க ஒவ்வொரு வீவக (அரசு அடுக்குமாடி வீடு) பிளாக்குக்கும் தனிக் குறியீடு, அதை வெச்சே பிளாக், தெரு ரெண்டும் தெரிஞ்சிடும். வீட்டு எண்ணை எல்லாரும் ‘#08-123’ன்னுதான் அனுப்புவாங்க. அதை அப்படியே ஒரே கட்டத்துல அடைக்கக் கூடாது. 08 மாடி, 123 வீடு, ரெண்டும் தனித்தனி. வேலி போட்ட மாதிரி இருக்கிற அந்தக் குறியும் நடுக்கோடும் தேவையில்ல.

உடல்நலக் கேள்வி ரெண்டு பகுதியா வரும். காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குறது, சொறி மாதிரி இப்ப ஏதாவது இருக்கா. கடைசி 6 நாள்ல ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பட்டியல்ல இருக்கிற நாட்டுக்குப் போனீங்களா. ரெண்டாவது மஞ்சள் காய்ச்சலுக்காக. பொய் சொன்னா தொற்றுநோய்ச் சட்டப்படி குற்றம், அதனால படிச்சுட்டுத் தட்டுங்க.

மாமியார் விஷயம்: ‘வேற பேர்ல உள்ள பாஸ்போர்ட்ல முன்னாடி சிங்கப்பூருக்கு வந்திருக்கீங்களா’ன்னு ஒரு கேள்வி இருக்கு. இனிஷியல் விரிச்சதுதானே, அதே ஆள்தானேன்னு ‘இல்லை’ தட்டிடாதீங்க. அவங்க பதிவுல 2014ல வந்தது ஒரு பேர், இப்ப வர்றது இன்னொரு பேர். ‘ஆம்’ போட்டு, பழைய பேர் பழைய பாஸ்போர்ட்ல எப்படி இருந்துச்சோ அப்படியே எழுதுங்க. ‘ஆம்’னு சொல்றதால தடை ஒண்ணும் வராது. பழைய பாஸ்போர்ட் இருந்தா கைப்பையில போட்டுட்டு வரச் சொல்லுங்க.

பையனுக்கும் தனிக் கார்டு உண்டு. குழுவா சேர்த்து அனுப்புற வசதி இருக்கு, வருகைத் தேதி, விமானம், விலாசத்தை ஒவ்வொருத்தருக்கும் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். ஆனா பாஸ்போர்ட் விவரம் ஆளாளுக்குத் தனி. அனுப்பினதும் மெயில்ல டிஈ எண்ணோட ஒப்புகை வரும். அச்செடுக்கணும்னு கட்டாயம் இல்ல, பாஸ்போர்ட்டை வெச்சே அவங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட் எண் தப்பாப் போயிடுச்சுன்னா பதறாம சரியான எண்ணோட புதுசா ஒண்ணு போடுங்க.

கடைசியா ஒண்ணு: கார்டு விசா இல்ல. விசாத் தாளை அச்செடுத்துக் கையில வெச்சிருங்க.

---

டிக்கெட்கவுண்டர் எழுதியது:

730 சொன்னதோட பேர் சமாசாரத்தைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன், நம்ம ஊர்க்காரங்க பாதிப் பேருக்கு வர்ற தலைவலி இது.

ஒரே விதிதான்: ஃபார்முக்கு பாஸ்போர்ட்தான் ஆதாரம், டிக்கெட் இல்ல. ஏர்லைன் மென்பொருள்ல ரெண்டு பேர்க் கட்டமும் நிரம்பினாத்தான் டிக்கெட் அடிக்கும். அதனால சர்நேம் இல்லாதவங்களுக்கு அதே பேரை ரெண்டு தடவை போடுறது வழக்கம். ‘முருகேசன் முருகேசன்’னு வரும். அது ஏர்லைனோட ஏற்பாடு. கார்டுல முருகேசன் ஒரே தடவைதான். சிங்கப்பூர், மலேசியா ரெண்டு ஃபார்ம்லயும் பேருக்கு ஒரே கட்டம், அதனால உங்க மாமனாருக்கு ஒரு சிக்கலும் இல்ல.

சர்நேமும் இருக்கிறவங்களுக்கு எது முன்னாடி எது பின்னாடின்னு குழப்பம் வந்தா, பாஸ்போர்ட்ல போட்டோ இருக்கிற பக்கத்தோட அடியில ரெண்டு நீள வரி இருக்கும் பாருங்க, அம்பு முனை மாதிரி குறிகளோட. முதல் வரி ‘பி’ன்னு தொடங்கி, ‘ஐஎன்டி’, அதை ஒட்டியே சர்நேம், ரெண்டு அம்பு முனை, அப்புறம் கிவன் நேம். அந்த வரிசைலயே எழுதிடுங்க. அப்பா பேர் சர்நேமா இருக்கிறவங்க, ‘இது என் பேரே இல்லையே’ன்னு அதை விட்டுட்டு எழுதுறதும் நடக்குது. விடக் கூடாது.

ரெண்டாவது வரியப் பாத்து எண் காப்பி அடிக்கிறவங்க கவனம். முதல் 8 எழுத்துதான் பாஸ்போர்ட் எண். அப்புறம் ஒரு அம்பு முனை, அதுக்கடுத்து ஒத்தை இலக்கம் ஒண்ணு நிக்கும். அது மிஷின் சரிபார்க்கிற இலக்கம், உங்க எண்ணோட பகுதி இல்ல. அதையும் சேர்த்து ஒன்பது எழுத்தா அடிச்சா கார்டு யாருக்கும் பொருந்தாம அந்தரத்துல நிக்கும். பிறந்த தேதியும் அந்த வரில தலைகீழா இருக்கும், ‘570804’னா 1957 ஆகஸ்ட் 4. ஃபார்ம் கேக்குறது நாள், மாதம், வருஷம்.

இந்திய பாஸ்போர்ட் எண் வழக்கமா ஒரு எழுத்து, அதுக்கப்புறம் 7 இலக்கம். முதல் எழுத்துக்கு அப்புறம் வட்டமா எது தெரிஞ்சாலும் அது பூஜ்யம்தான், ‘ஓ’ இல்ல. ஃபோன் கீபோர்டுல தட்டும்போது இது மாறிடும். ‘1’ இருக்கிற இடத்துல ‘ஐ’ போடுறதும் அப்படித்தான். அஞ்சு பேருக்கும் அடிச்சு முடிச்சிட்டு, அனுப்புறதுக்கு முன்னாடி ஒருத்தர் பாஸ்போர்ட்டைப் பாத்து வாசிக்க, இன்னொருத்தர் திரையைப் பாத்து சரிபாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

பிறந்த இடம்னு கேட்டா இந்தியா. பாஸ்போர்ட்ல இருக்கிற ஊர்ப் பேரைத் தேடிட்டு உக்காராதீங்க.

இதே ஒத்தைப் பேர் தாய்லாந்து போறப்பதான் உறுத்தும். 2025 மே 1ல இருந்து அங்க டிஜிட்டல் வருகை அட்டை, அதுல குடும்பப் பேருக்குத் தனிக் கட்டம். அனுப்பினதுக்கு அப்புறம் பேர், பாஸ்போர்ட் எண், குடியுரிமை, பிறந்த தேதி நாலையும் திருத்தவும் முடியாது, புதுசாத்தான் போடணும். உங்களுக்கு இப்ப தேவையில்ல, தேடி வர்ற வேற யாருக்காவது உதவும்.

---

கிள்ளான்வாசி எழுதியது:

மலேசியாப் பக்கம் நான் சொல்கிறேன்.

இங்கே உள்ளது எம்டிஏசி, மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை. 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவருக்குக் கட்டாயம். இதுவும் இலவசம். குடிநுழைவுத் துறையின் தளம், முகவரி ‘ஐஎம்ஐ டாட் ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று இருக்கும். வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் போட வேண்டும். நீங்கள் 16 வருகிறீர்கள், 14 அல்லது 15 போட்டால் போதும். இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா விலக்கு இருக்கிறது, அதனால் விசா வேண்டாம். விசா வேண்டாம் என்றால் அட்டையும் வேண்டாம் என்று சிலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் வேறு.

யார் போட வேண்டும் என்பதில் உங்கள் குடும்பத்துக்கு மூன்று விதம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு, ஆகவே நாத்தனாரின் கணவருக்கு வேண்டாம். சிங்கப்பூர் பிஆருக்கு விலக்கு இல்லை. நாத்தனார் எத்தனை முறை ஜோகூருக்குச் சாமான் வாங்க வந்திருந்தாலும் ஒவ்வொரு முறையும் போட வேண்டும். விலக்கு மலேசிய பிஆருக்குத்தான், அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். நீங்கள் ஐந்து பேரும் போட வேண்டும். ஒரே காரில் ஏழு பேர் என்றால் அட்டை ஆறு.

படிவத்தில் சறுக்கும் இடங்கள்:

மாநிலம். கோலாலம்பூரில் ஹோட்டல் எடுத்திருப்பீர்கள், பட்டியலில் ‘கே’ வரிசையில் தேடுவீர்கள், இருக்காது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், மலாயில் விலாயா பெர்செகுத்துவான், அதனால் ‘டபிள்யூபி கோலாலம்பூர்’ என்று பட்டியலின் கீழே இருக்கும். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் நகரப் பட்டியல் திறக்கும். பத்துமலை அருகிலேயே தங்கினால் அது கோலாலம்பூர் இல்லை, சிலாங்கூர் மாநிலம், அஞ்சல் குறியீடு 68100. இங்கே குறியீடு ஐந்து இலக்கம், சிங்கப்பூர் போல ஆறு இல்லை.

விலாசத்தில் எழுத்தும் எண்ணும் மட்டும் போடுங்கள். சாய்கோடு, வேலிக்குறி எல்லாம் எதற்கு? ஹோட்டல் அனுப்பிய விலாசத்தை அப்படியே ஒட்டினால் இவையும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும், படிவம் ஏன் நகரவில்லை என்று தெரியாமல் நிற்பீர்கள்.

‘மலேசியாவுக்கு முன் கடைசியாக ஏறிய இடம்’ என்பது சிங்கப்பூர். இந்தியா இல்லை. குடியுரிமை இந்தியா, ஏறிய இடம் சிங்கப்பூர், இரண்டும் வேறாக இருப்பது சரிதான்.

வாகன எண்: காரில் வந்தால் நம்பர் பிளேட். 170, சிடபிள்யூ2 போன்ற பேருந்து என்றால் அந்தத் தட எண். நேராகக் கோலாலம்பூர் போகும் கோச் என்றால் டிக்கெட்டில் உள்ள சேவை எண். காலியாக விட முடியாது.

தொலைபேசிக்கு நாட்டுக் குறியீடு 91ஐப் பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டு, எண்ணோடு மறுபடி 91 சேர்க்காதீர்கள்.

கடைசியில் ஒரு புதிர்த் துண்டை இழுத்துப் பொருத்தச் சொல்லும். அதைப் பொருத்தி அனுப்பியதும் மின்னஞ்சலில் ஒரு பின் எண் வரும். அதை வைத்துப் பிறகு அதே தளத்தில் பதிவைப் பார்க்கலாம். வந்த அட்டையைத் திரைப்பிடிப்பு எடுத்துக் கைப்பேசியில் வையுங்கள். சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் பாலத்தில் இணையம் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் தடுமாறும்.

---

பொன்மலைவாசி எழுதியது:

அடேங்கப்பா, ரொம்ப நன்றி. நாத்தனார்கிட்ட சொன்னேன், அவங்களுக்கே போடணும்னு தெரியும், ஆனா ‘எனக்கு மட்டும் எதுக்கு, அவருக்கு மட்டும் ஏன் இல்ல’ன்னு புலம்பல்.

ரெண்டு விஷயம். ஈ-பாஸ் முக்கியம்னு 730 சொன்னீங்க, அதை விளக்குங்க. கார்ல ஏழு பேருக்கு இடம் பத்தாது, அதனால நாங்க அஞ்சு பேரும் ஜோகூர் வரைக்கும் ரயில்ல போயிடலாம்னு யோசனை. அப்ப ஏதாவது மாறுமா?

---

உட்லண்ட்ஸ்730 எழுதியது:

ஈ-பாஸ்: இங்க பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறது இல்ல. உள்ள நுழைஞ்சதும், கார்டுல நீங்க கொடுத்த மெயிலுக்கு மின்னியல் வருகை அனுமதி வரும். எத்தனை நாள் தங்கலாம், கடைசி நாள் எதுங்கிறது அதுலதான் இருக்கும். விசா எது வரைக்கும் செல்லும்ங்கிற தேதி வேற, தங்க அனுமதிச்ச நாள் வேற. விசாத் தாளைப் பாத்துட்டு நாள் இருக்குன்னு உக்காந்திருக்கக் கூடாது, ஈ-பாஸ்ல இருக்கிற தேதிதான் கணக்கு. பெரியவங்களுக்கு மெயில் இல்லன்னா எல்லாருக்கும் உங்க மெயிலையே கொடுங்க. மெயில் வரலைன்னா ஸ்பேம்ல பாருங்க, அங்கயும் இல்லன்னா ஐசிஏ தளத்துல ஈ-பாஸ் தேடுற பக்கம் இருக்கு, பாஸ்போர்ட் விவரம் போட்டு எடுக்கலாம்.

18ஆம் தேதி திரும்ப வரும்போது புது ஈ-பாஸ் வரும், பழசு செல்லாது. அதனால இப்பவே விசாத் தாளை எடுத்து, ஒருமுறை நுழையவா பல முறை நுழையவான்னு பாருங்க. அஞ்சு பேருக்கும் தனித்தனியா பாருங்க. ஒருமுறைன்னா 16ஆம் தேதி வெளிய போனதோட அந்த விசா முடிஞ்சுது, கார்டை எத்தனை தடவை போட்டாலும் உள்ள வர முடியாது. இந்த இழையில இருக்கிறதுலயே கை மீறிப் போகக்கூடிய ஒரே விஷயம் இதுதான். மத்ததெல்லாம் ஃபோனை எடுத்து மறுபடி போட்டா தீர்ந்தது.

சாங்கியில தானியங்கி வழி எல்லா வெளிநாட்டவரும் பயன்படுத்தலாம், 6 வயசும் அதுக்கு மேலயும் இருக்கணும். முகமும் கண்ணும் பதியும். பையனுக்கு 4 வயசுதான், அதனால உங்கள்ல ஒருத்தர் அவனைக் கூட்டிட்டு ஆள் இருக்கிற கவுண்டருக்குப் போங்க, மத்தவங்க தானியங்கியில போயிடலாம். மாமனார், மாமியார் தொப்பி, கண்ணாடியைக் கழட்டிட்டு நிக்கணும்னு முன்கூட்டியே சொல்லி வைங்க.

ரயில்: உட்லண்ட்ஸ்ல இருந்து ஜேபி சென்ட்ரல் (ஜோகூர் பாரு ஸ்டேஷன்) வரைக்கும் ஷட்டில் தெப்ராவ்னு ஒரு ரயில், ஓட்டம் அஞ்சு நிமிஷம்தான். நல்ல யோசனை, டிக்கெட் கிடைச்சா. ஆனா ஒரு விஷயம். போகும்போது சிங்கப்பூர் விட்டு வெளியேறுற சோதனை, மலேசியா உள்ள நுழையுற சோதனை, ரெண்டும் உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியிலயே அடுத்தடுத்து நடக்கும். அதாவது மலேசியாவுக்குள்ள நுழையுற கவுண்டர் சிங்கப்பூர் மண்ணுலயே இருக்கு. ‘அந்தப் பக்கம் இறங்கினதும் போட்டுக்கலாம்’னு எம்டிஏசியைத் தள்ளிப்போட்டா ரயில் ஏறவே முடியாது. திரும்பும்போது அப்படி இல்ல, வெளியேறுறது ஜேபி சென்ட்ரல்ல, உள்ள நுழையுறது உட்லண்ட்ஸ்ல.

எம்டிஏசியில வாகனம் ரயில், எண்ணுக்கு டிக்கெட்ல இருக்கிற ரயில் எண்.

---

தேவகோட்டையான் எழுதியது:

இழைக்குள்ள புகுந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும். திருச்சி – கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர் – சிங்கப்பூர் வேற ஏர்லைன்ல தனி டிக்கெட். நடுவுல நாலு மணி நேரம். ஏர்போர்ட்டை விட்டு வெளிய போகப் போறதில்ல. எம்டிஏசி தேவையா?

---

கிள்ளான்வாசி எழுதியது:

குடிநுழைவைக் கடக்காத டிரான்சிட்டுக்கு வேண்டாம் என்பது விதி. ஆனால் உங்களுடையது அந்த வகை இல்லை. தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி கோலாலம்பூரிலேயே பட்டையில் வந்து விழும். அதை எடுக்க நீங்கள் குடிநுழைவைக் கடந்துதான் ஆக வேண்டும், பிறகு மறுபடி செக்-இன். ஏர் ஏசியா டெர்மினல் 2, பாத்திக் ஏர் டெர்மினல் 1, மாறுவதற்கும் வெளியே வந்துதான் போக வேண்டும். ஆகவே எம்டிஏசி போடுங்கள். வருகைத் தேதியும் புறப்படும் தேதியும் ஒரே நாளாக இருக்கலாம்.

ஒரே பிஎன்ஆரில் இணைத்த டிக்கெட்டாக இருந்து, பெட்டிக்குச் சிங்கப்பூர் வரை ஒட்டுச்சீட்டு போட்டிருந்தால் வேண்டாம்.

---

டிக்கெட்கவுண்டர் எழுதியது:

தேவகோட்டையாருக்கு இன்னொண்ணு: உங்க சிங்கப்பூர் கார்டுல முந்தின ஊர் கோலாலம்பூர், விமான எண் ரெண்டாவது விமானத்தோடது. திருச்சில ஏறுற விமான எண்ணைப் போட்டா சாங்கியில அப்படி ஒரு விமானமே வந்திருக்காது. கொழும்பு வழியா போறவங்களுக்கும் இதே கணக்கு.

அப்புறம், நாத்தனாரோட வீட்டுக்காரர் என்னிக்காவது சிங்கப்பூர் பாஸ்போர்ட்ல இந்திய விசா எடுத்துத் திருச்சிக்கு வந்தா அவருக்கும் வேலை இருக்கு. 2025 அக்டோபர் 1ல இருந்து இந்தியாவுலயும் வெளிநாட்டவருக்கு ஈ-அரைவல் கார்டு வந்தாச்சு, இறங்குறதுக்கு முன்னாடி 72 மணி நேரத்துக்குள்ள. அப்ப நாத்தனார் கால் மேல கால் போட்டு உக்காந்துக்கலாம், இந்திய பாஸ்போர்ட்டுக்கு அது கிடையாது.

---

பொன்மலைவாசி எழுதியது:

இதை அவங்ககிட்ட முதல்ல சொல்லிடுறேன். :)

விசாவைப் பாத்தேன், அஞ்சும் பல முறை நுழையறதுதான். இனி ஒண்ணே ஒண்ணு. 18ஆம் தேதி திரும்புறதுக்கான சிங்கப்பூர் கார்டை எங்க இருந்து போடுறது? மலேசியாவுல இருந்தே போடலாமா? நாத்தனாரும் அப்ப போடணுமா?

---

உட்லண்ட்ஸ்730 எழுதியது:

எந்த நாட்டுல இருந்தும் போடலாம். 16, 17, 18 மூணு நாள் கிடைக்கும். 17 ராத்திரி ஹோட்டல் வைஃபைல அஞ்சு பேருக்கும் போட்டு முடிச்சிடுங்க. 18ஆம் தேதி வரிசையில நின்னுக்கிட்டுப் பையனைத் தூக்கி வெச்சுக்கிட்டு அஞ்சு பாஸ்போர்ட்டை அடிக்கிறது ஆகாத காரியம். வழி தரைவழி, முந்தின ஊர் ஜோகூர் பாரு, புறப்படுற தேதி 21, அடுத்த ஊர் திருச்சி. விலாசம் அதே.

நாத்தனாருக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும் வேண்டாம். குடிமக்கள், பிஆர், நீண்டகால அனுமதி வெச்சிருக்கவங்க தரைவழியா வந்தா கார்டு கிடையாது. ஆனா ரெண்டு பேரும் மனசு மாறி கோலாலம்பூர்ல இருந்து விமானத்துல வந்தாங்கன்னா அவங்களும் போடணும்.